என் நைனா, பரிமளாவின் பேஷண்ட்

1

ஆஸ்திரேலியாவில் டாக்டர் வேலை பார்ப்பவர்கள் வருடாவருடம் ஏதாவது படித்துக்கொண்டே இருக்க வேண்டும். தலை நரைத்தாலும் விடமாட்டார்கள். கருத்தரங்கு, பயிற்சி வகுப்பு, கேஸ் விவாதம் என்று மணிக்கணக்குக் காட்டினால்தான் அடுத்த வருடமும் ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளலாம். படித்தால் மட்டும் போதாது, படித்ததைப் பற்றிச் சிந்தித்ததாகவும் கணினியில் எழுதிவைக்க வேண்டும். "இந்தப் பயிற்சி உங்கள் பணியை எப்படி மாற்றும்?" என்று ஒரு கட்டம் கேட்கும். வழக்கமாக நான்கு வரி புளுகிவிட்டு எழுந்துவிடுவேன். இந்த முறை அந்தக் கட்டத்துக்கு முன்னால் உட்கார்ந்தால் ஒன்றும் வரவில்லை. வந்ததெல்லாம் தமிழில் வந்தது, அதுவும் பொறாமையோடு வந்தது. அதனால் அதை உங்களுக்கு எழுதுகிறேன். அவர்களுக்கு நான்கு வரி எப்படியும் கிடைத்துவிடும்.

நான் கேளம்பாக்கத்துக்காரி. செங்கல்பட்டில் மருத்துவம் படித்தேன். இப்போது விக்டோரியா மாநிலத்தில் கோதுமை விளையும் ஒரு சிறிய ஊரில் குடும்ப மருத்துவர். கணவர் நீர்ப்பாசன இலாகாவில் இருக்கிறார். அவர் எந்த மொழியிலும் அதிகம் பேசமாட்டார். மகள் யாழினிக்குப் பதினைந்து வயது. பள்ளியில் அவள் பெயர் யாஸ். வீட்டிலும் இப்போதெல்லாம் யாஸ் என்றால்தான் திரும்பிப் பார்க்கிறாள். ஆக, வீட்டில் தமிழ் பேசுவது நானும் தொலைக்காட்சியும்தான்.

அப்பாவை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் அப்படித்தான். முதலில் லாரி ஓட்டினார். பிறகு நாவலூரில் கம்ப்யூட்டர் கம்பெனிகளின் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றார். கூலிக்கு நாற்று நட்ட குடும்பத்திலிருந்து வந்து, ஸ்டியரிங்கைப் பிடித்தே என்னை டாக்டர் ஆக்கியவர். அம்மா போன பிறகு கேளம்பாக்கம் வீட்டில் தனியாக இருக்கிறார். நான் ஒரே மகள். அவரை என்னோடு கூட்டிவந்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் பல வருட ஆசை. பெற்றோர் வீசாவுக்கு எத்தனை அலுவலகம், எத்தனை மின்னஞ்சல், எத்தனை முறை "உங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது"! கடைசியில் ஒருவழியாக எல்லாம் கூடி வந்தது. பின்பக்க அறையைப் புதிதாக்கி, குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி அடித்து, வெதுவெதுப்பாக இருக்கத் தரைக்கு அடியில் சூடு வைத்தேன். இனி அவர் ஒரு மருத்துவப் பரிசோதனைக்குப் போய்க் கையெழுத்துப் போட்டால் போதும்.

"பாக்கலாம்மா," என்பார் போனில். மாதக்கணக்காக அதே பாக்கலாம்தான்.

2

ஒரு நாள் எங்கள் வகுப்பு வாட்ஸாப் குழுவில் பரிமளாவின் படம் வந்தது. கையைக் கட்டிக்கொண்டு, வெள்ளைக் கோட்டுப் போட்டு, பின்னால் கடல். முதுமை மேலாண்மை மருத்துவம், டாக்டர்களுக்கான மூன்று நாள் தொடர்கல்வி, மாமல்லபுரம் போகும் வழியில் ஒரு ரிசார்ட்டில். ஒருங்கிணைப்பு: டாக்டர் பரிமளா. குழுவில் இருக்கும் அத்தனை பேரும் பூங்கொத்து அனுப்பினார்கள். நானும் ஒன்று அனுப்பினேன். இருப்பதிலேயே சின்னப் பூங்கொத்தாகத் தேடி அனுப்பினேன்.

பரிமளா முட்டுக்காட்டுப் பெண். படகுத்துறை பக்கத்தில் அவர்கள் வீட்டு டீக்கடை. செங்கல்பட்டில் நான்கு வருடம் எனக்கு அறைத்தோழி. நான் மெடிசினில் முதலாவதாக வந்தேன், அவள் இரண்டாவது தடவையில்தான் தேறினாள். இதை நான் எங்கேயும் சொல்வதில்லை. ஆனால் மறப்பதும் இல்லை. அவள் இப்போது நாவலூரில் அடுக்குமாடிகளுக்கு நடுவே கிளினிக் வைத்திருக்கிறாள். வயதாவதை நிறுத்த முடியாது, ஆனால் தளராமல் வயதாகலாம் என்பது அவள் வியாபாரம். முதலில் சிரித்தேன். பணக்காரர்களுக்கு ஹார்மோன் ஊசி போட்டுத் தலைமயிரைக் கறுப்பாக்கும் வைத்தியம் என்றுதான் நினைத்திருந்தேன்.

எரிச்சலுக்கு வேறு காரணமும் உண்டு. அம்மா இறந்த வருடம் பரிமளாவைக் கூப்பிட்டு, "நைனாவுக்கு சுகர், பிரஷர் எல்லாம் கொஞ்சம் பாத்துக்கோடி," என்று நான்தான் சொன்னேன். பாத்துக்கோ என்றேன், எடுத்துக்கோ என்று சொல்லவில்லை. அதற்குப் பிறகு நைனாவிடம் நான் எதைச் சொன்னாலும், "இரு, பரிமளா டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்," என்பார். தூக்க மாத்திரை வேண்டாம் என்று நான் ஒரு வருடம் கத்தினேன், நிறுத்தவில்லை. அவள் ஒரு தடவை சொன்னாள், நிறுத்திவிட்டார். பொங்கலுக்கு அவள் வீட்டிலிருந்து கரும்பு வந்தது என்றார். பிறந்தநாளுக்குச் சட்டை வந்தது என்றார். ஒரு தடவை நான் கூப்பிட்டபோது பின்னால் அவள் குரல் கேட்டது: "நைனா, செருப்ப மாட்டிக்கினு வா." நைனா என்றாள். அன்றைக்கு ராத்திரிச் சமையலில் எல்லாவற்றிலும் உப்பு அதிகம்.

எனக்குப் படிப்பு மணிநேரம் தேவைப்பட்டது, அது உண்மை. அந்தப் பயிற்சிக்குப் பெயர் கொடுத்த காரணம் அது இல்லை. அவள் அப்படி என்னதான் செய்கிறாள் என்று நேரில் பார்க்க வேண்டும், பார்த்து இதெல்லாம் வெறும் மேல்பூச்சு என்று முடிவு கட்ட வேண்டும். பிறகு நைனாவின் எதிரில் போய் நின்று, பரிசோதனைக்கு அழைத்துப்போய், கையோடு வீசா வேலையை முடிக்க வேண்டும். அவருக்கு வருவதாகச் சொல்லவில்லை. பயிற்சி முடிந்ததும் வாசலில் போய் நிற்கலாம் என்றிருந்தேன்.

3

ரிசார்ட்டில் பதிவு மேசையில் என் கழுத்துக்கு நீல நாடா மாட்டினார்கள். மற்ற எல்லாருக்கும் மஞ்சள். நீலம் என்றால் வெளிநாட்டுப் பிரதிநிதி. என்னையும் ஒரு மலேசியாக்காரரையும் தவிர நீலம் வேறு யாரும் இல்லை. மதியச் சாப்பாட்டில் எங்கள் இருவருக்கும் தனி மேசை போட்டு, காரம் குறைத்த மீன் குழம்பு வைத்தார்கள். பரிமாறுபவரிடம், "எனக்கு அந்தப் பக்கத்துக் குழம்பே போடுங்க," என்றேன். அவர் நாடாவைப் பார்த்துவிட்டு, "அது ஒத்துக்காது மேடம்," என்றார். நான் பிறந்த ஊர் அங்கிருந்து ஷேர் ஆட்டோ தூரம்.

பரிமளா என்னைப் பார்த்ததும் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். "சொல்லாம கொள்ளாம வந்து நிக்கற? இன்னாடி இப்படி எளச்சிட்ட?" அவள் இளைத்திருக்கவில்லை. தோள் திரண்டு, முதுகு நிமிர்ந்து, படி ஏறும்போது கைப்பிடியைத் தொடாமல் ஏறினாள். எனக்கு இரண்டு வருடமாக முழங்கால் வலி. நான் வந்திருப்பதை நைனாவிடம் இப்போதைக்குச் சொல்லாதே என்று அவளிடம் கேட்டுக்கொண்டேன்.

முதல் நாள் காலையில் பேசியவர்கள் நான் எதிர்பார்த்த மாதிரிதான் பேசினார்கள். மை பூசிய தலையோடு ஒருவர் ஹார்மோனைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். குறிப்பேட்டில் கோழிப் படம் கிறுக்கினேன், மனம் லேசாக இருந்தது. மதியம் பரிமளா மேடையேறினாள். கணினித் திரையைத் தொடவே இல்லை. மேடையில் ஒரு நாற்காலி, ஒரு தண்ணீர் கேன். ஓஎம்ஆர் சாலை முழுக்க வீட்டுக்கு வீடு வந்து இறங்குமே, அந்த இருபது லிட்டர் கேன்.

"என் ஏரியாவுல ஒரு வயசானவர் தனியா இருக்க முடியுமா முடியாதான்னு நான் ரெண்டே விஷயத்துலதான் பாப்பேன்," என்றாள். "கையை ஊனாம இந்தச் சேர்லேர்ந்து எழுந்துக்கறாரா? இந்தக் கேனைத் தூக்கி ஸ்டாண்டுல கவுக்கறாரா? கவுக்க முடியாதவர் தண்ணிக்கு அடுத்த வூட்டுப் பையனை எதிர்பாக்கணும். பையன் வரலன்னா தண்ணி குடிக்கறதக் கொறச்சுக்குவாரு. அப்பறம் மயக்கம், அப்பறம் வுழுவாரு, அப்பறம் நம்மகிட்ட வருவாரு. நாம மாத்திரை எழுதுவோம்."

கூட்டம் சிரித்தது, பிறகு சிரிப்பதை நிறுத்தியது. வயது ஏற ஏறத் தசை எப்படிக் கரைகிறது, எழுபதைத் தாண்டியவரும் எடை தூக்கப் பழகினால் அது எப்படித் திரும்பி வருகிறது, எங்கே தொடங்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று வரிசையாகச் சொன்னாள். சொன்னதில் ஒரு தப்புக்கூட எனக்குக் கிடைக்கவில்லை. தேடினேன், கிடைக்கவில்லை. கடைசியில் அவளே கேனைத் தூக்கிக் கவிழ்த்தாள். எல்லாரும் கை தட்டினார்கள். எனக்குப் பக்கத்திலிருந்த மலேசியாக்காரர் எழுந்து நின்றே தட்டினார்.

அறைக்கு வந்து யாழினிக்குப் போன் போட்டு, இப்படி ஒரு வகுப்பு என்று சொன்னேன். "ஓ, நைஸ்," என்றாள். ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்ட மாதிரி இருந்தது. கேட்டேன், "நத்திங் மம்," என்றாள்.

4

மூன்றாம் நாள் செய்முறை. வெளியூர் வாசகர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

நம் மருத்துவக் கல்லூரிகளில் கடைசி வருடத் தேர்வில் லாங் கேஸ் என்று ஒன்று உண்டு. நிஜ நோயாளி ஒருவரை உட்கார வைத்துவிடுவார்கள். நாம் அவரிடம் கேட்டு, தொட்டு, தட்டி, என்ன நோய், என்ன செய்யலாம் என்று தேர்வாளரிடம் சொல்ல வேண்டும். எங்கள் காலத்தில் இதற்கென்றே வருடாவருடம் வந்து உட்காரும் நோயாளிகள் இருந்தார்கள். இதய வால்வு பழுதான முனுசாமி அண்ணனைத் தெரியாத செங்கல்பட்டு டாக்டர் இல்லை. எங்கே தட்ட வேண்டும், எங்கே காது வைக்க வேண்டும் என்று மாணவர்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். ஒரு டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தால், "இடது பக்கம் படுக்கச் சொல்லிக் கேளு தாயி," என்று மெதுவாகச் சொல்வார். ஆனால் அவர்களுக்குள் ஒரு சட்டம் உண்டு. கேஸாக உட்கார்ந்தவர் பொய் சொல்லக்கூடாது. பொய் சொன்னால் பிள்ளையின் வருடமே போய்விடும். வீட்டில் பெண்டாட்டியிடம் மறைத்த பீடியைக்கூடத் தேர்வில் ஒத்துக்கொள்வார்கள்.

பரிமளா அந்த முறையை இந்தப் பயிற்சியிலும் கொண்டு வந்திருந்தாள். மதிப்பெண் எல்லாம் கிடையாது, சான்றிதழ் எல்லாருக்கும் நிச்சயம், பழகிக்கொள்வதற்காகத்தான். அவளுடைய நோயாளிகள் பத்துப் பன்னிரண்டு பேரை வேனில் அழைத்துவந்து, பெரிய கூடத்தில் தடுப்புகளுக்குப் பின்னால் உட்கார வைத்திருந்தார்கள். சீட்டு எடுக்கச் சொன்னார்கள். எனக்கு ஜன்னலோரத் தடுப்பு வந்தது. உள்ளே போனேன்.

நைனா உட்கார்ந்திருந்தார்.

5

இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, புதுச் செருப்பு. என்னைப் பார்த்ததும் வாய் திறந்து, உடனே மூடியது. ஓரத்தில் கடிகாரத்தோடு ஓர் இளம் பெண் டாக்டர் நேரம் பார்க்க உட்கார்ந்திருந்தாள்.

நான் குனிந்து, "நைனா, நீ இங்க இன்னா பண்ற?" என்றேன்.

"பேசாத," என்றார் உதடு அசையாமல். "உன்னத் தெரியும்னு தெரிஞ்சா மார்க்கு போய்டும்." பிறகு உரக்க, "வணக்கம் மேடம். பேரு ஏழுமலை. வயசு எழுபத்தாறு. கேளம்பாக்கத்துல சொந்த வூடு."

மார்க்கே கிடையாது என்று சொல்லியிருக்கலாம். இவர் என் அப்பா, வேறு தடுப்பு கொடுங்கள் என்று எழுந்திருக்கலாம். எழவில்லை. பரிமளாவிடம் இவர் என்னவெல்லாம் சொல்கிறார் என்று தெரிந்துகொள்ள எனக்கு இதைவிட நல்ல வாய்ப்பு வராது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வாழ்க்கையில் முதல்முறையாக அவரை நீங்கள் என்றேன்.

"உங்களுக்கு என்ன தொந்தரவு?"

"இப்ப ஒண்ணும் இல்ல மேடம். போன வருசம் பாத்ரூம்ல வுழுந்துட்டேன்."

எனக்குத் தெரியாது. அப்படி ஒன்று நடந்ததாக எனக்கு யாரும் சொல்லவில்லை.

"எப்படி விழுந்தீங்க?"

"ஒண்ணுக்குப் போவ எழுந்தேன். தல சுத்திச்சி. கதவு தாப்பா போட்டுகினு கீறேன், கால்ல பலம் இல்ல, எழுந்துக்க வரல. அப்படியே தேச்சிகினே வந்து தாப்பாள எட்டித் தள்ளி, போன எடுத்தேன்."

"யாருக்குப் பண்ணீங்க?"

"பரிமளா டாக்டருக்கு. நைட்டியோட கார் எடுத்துகினு வந்துச்சி."

"வேற யாரும் இல்லையா உங்களுக்கு?"

"ஒரே பொண்ணு மேடம். அதுவும் டாக்டருதான். ஆஸ்திரேலியால கீது."

"அவங்ககிட்ட சொன்னீங்களா?"

அவர் என்னை நேராகப் பார்த்தார். "சொல்லல."

"ஏன்?"

"சொன்னா அழும். அப்பறம் திட்டும். அப்பறம் டிக்கெட்டு போட்டுடும்."

நேரம் பார்க்கும் பெண் சிரித்தாள். நான் எழுதிக்கொண்டேன். மாத்திரைகளைக் கேட்டேன். பிரஷர் மாத்திரையையும் நீர் பிரிய எடுக்கும் மாத்திரையையும் ராத்திரி ஒன்றாகப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அதனால்தான் எழுந்ததும் தலை சுற்றியிருக்கிறது. ஆஹா, பரிமளா இதைக் கோட்டைவிட்டுவிட்டாள் என்று உள்ளுக்குள் துள்ளினேன். உண்மையாகவே சந்தோஷப்பட்டேன்.

"இந்த ரெண்டு மாத்திரையையும் ராத்திரியில சேர்த்துப் போடக்கூடாது," என்றேன்.

"அத அப்பவே மாத்திட்டாங்க மேடம், பரிமளா டாக்டரு."

பிறகு உடற்பயிற்சி. முதலில் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தாராம். பிறகு கேனில் கால்வாசி தண்ணீர் ஊற்றித் தூக்கினாராம், பிறகு பாதி. "இப்ப முழுக் கேனையும் நானே கவுத்துடுவேன்."

"உங்க பொண்ணு எடை தூக்க வேணாம்னு சொல்லலையா?"

"சொல்லிச்சி. போன்லயே. வெயிட்டு கியிட்டு தூக்காத, முதுகு போய்டும்னு. சரிம்மான்னேன்."

"ஆனா தூக்கினீங்க."

"தூக்கினேன். கேஸா ஒக்காந்துகினு பொய் சொல்லக்கூடாது மேடம்." கொஞ்சம் நிறுத்தி, "பேத்திக்குத் தெரியும்," என்றார். "நான் தூக்கறத வீடியோ எடுத்து அனுப்புவேன். முதுகு வளையுதுன்னா திருப்பி அனுப்பும். அதுவும் எடை தூக்குதுல்ல, ஸ்கூல்ல."

"தமிழ்லயா பேசுவீங்க?"

"அதுக்குத் தமிழ் வராது, எனக்கு இங்கிலீஷு வராது. முதுகத் தொட்டுக் காட்டும். 'தாத்தா, ஸ்ட்ரெய்ட்'னும். அவ்ளோதான். தினம் பேசிக்குவோம்."

தினமும். என்னிடம் யாழினி வாரத்தில் பேசும் வார்த்தைகளை ஒரு கையில் எண்ணிவிடலாம். பரிமளா மேல் இருந்த பொறாமையில் ஒரு பங்கைப் பிரித்து என் வயிற்றில் பிறந்தவளுக்கும் கொடுத்தேன்.

பரிசோதிக்க வேண்டும். கைப்பிடி பலம் பார்க்கும் கருவியைக் கொடுத்து அழுத்தச் சொன்னேன். ஸ்டியரிங் பிடித்த கை, முள் வேகமாக ஏறியது. கையை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழச் சொன்னேன். எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். போன முறை நான் வந்திருந்தபோது இதே ஆள் சோபாவிலிருந்து எழ என் தோளைப் பிடித்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தத் தோள் இனி தேவையில்லை என்பதும் உறைத்தது.

இந்த மருத்துவத்தில் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. நோயாளி எதற்காக இத்தனை பாடுபடுகிறார்? விளையாடவா, கோயில் மலை ஏறவா, பேரப்பிள்ளையைத் தூக்கவா? அந்தப் பதிலை வைத்துத்தான் சிகிச்சையே போட வேண்டும் என்று பரிமளா அடித்துச் சொல்லியிருந்தாள். எனக்கு ஒரு பதில் தயாராக இருந்தது. நீண்ட விமானப் பயணம் தாங்க வேண்டும், பொண்ணோடு போய் இருக்க வேண்டும் என்பார். பரிமளா அவரைத் தயார் செய்ததே எனக்காகத்தான் என்று ஆகிவிடும். அவளை அப்போது மன்னித்துவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

"இதெல்லாம் எதுக்காகச் செய்யறீங்க?"

நைனா கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டார்.

"என் வூட்டுலயே இருக்கணும் மேடம். கடைசி வரிக்கும். பொண்ணு இட்டுகினு போவணும்னு ரூம்பு கட்டி வெச்சிகினு கீது. நல்ல பொண்ணு. நான் ஒருதபா போயி இருந்தேன். காலையில எல்லாம் கெளம்பிப் போய்டும். ஜன்னலாண்ட ஒக்காந்துகினு ரோட்டப் பாப்பேன். ரோட்டுல ஒரு ஆளு கெடையாது. எனக்கு ஜன்னல் புடிக்குதுன்னு பொண்ணு ஒரு நல்ல சேரு வாங்கிப் போட்டுச்சி. வேணாம்னு எப்படிச் சொல்றது?"

நாற்காலி என்று எழுதி, அடித்தேன்.

"நேரா சொன்னா அது மனசு ஒடஞ்சிபூடும். அதான், எல்லாத்தையும் நானே பண்ணிக்கறேன்னு காட்டிட்டா, வான்னு கூப்பிடாதுல்ல." பிறகு குரலைத் தாழ்த்தி, "தண்ணி குடிக்கறியா?" என்றார்.

வேண்டாம் என்று தலையாட்டினேன். நோயாளியின் குறிக்கோள் என்ற இடத்தில் அவர் சொன்னதை எழுதினேன்.

6

தேர்வாளர் வேலூர்ப் பக்கத்துப் பெரியவர், புருவம்கூட நரைத்தவர். நைனாவைத் தடுப்புக்குள்ளேயே விட்டுவிட்டு, என்னை மேசைக்கு அழைத்துக் கேஸைச் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

"திட்டம்?"

"இப்போதைய எடைப் பயிற்சி தொடரணும். நடையில தடுமாற்றம் இல்லாம இருக்க, ஒத்தைக் காலில் நிக்கிற பயிற்சி சேர்க்கணும். குளியலறைத் தாழ்ப்பாளை எடுத்துட்டு வெளியிலிருந்தும் திறக்கற மாதிரி மாத்தணும். ராத்திரி படுக்கையிலிருந்து உட்கார்ந்து, பொறுத்து, பிறகு எழுந்திருக்கப் பழகணும்."

"தனியா இருக்கறவர். ஒரு தடவை விழுந்திருக்கார்," என்றார். "மகள் டாக்டர். கூட வெச்சுக்கறேன்னு கேக்கறாங்க. அனுப்பி வெச்சிடறதுதானே புத்திசாலித்தனம்?"

இந்தக் கேள்வியை இரண்டு வருடமாக நானே எல்லாரிடமும் கேட்டுவந்திருக்கிறேன். எல்லாரும் ஆமாம் என்றார்கள். வீசா அலுவலகம்கூடக் கடைசியில் ஆமாம் என்றது.

"இல்லை சார்," என்றேன். "அங்கே அவருக்குப் பகல் முழுக்க ஆள் இருக்காது. இங்கே தெருவே அவருக்குத் தெரியும். நல்லா நடக்கற காலை எடுத்துட்டுப் போய் ஜன்னலோரம் உட்கார வெச்சா, தூக்கிப் பழகின பலம் எல்லாம் அங்கேயே போயிடும். அவர் கேட்கறது இந்த வீடு. அதுக்கான உடம்பு அவர்கிட்ட இருக்கு."

"மகள் ஒத்துக்கணுமே."

"கஷ்டம்தான். பிடிவாதக்காரி."

"யார் பேசறது அவங்ககிட்ட?"

"நான் பேசறேன் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நல்ல திட்டம்," என்றார். "எதையும் மாத்த வேண்டாம்."

7

வெளியே சவுக்குத் தோப்போரம் பரிமளா நின்றிருந்தாள். யார் யாருக்கு எந்தக் கேஸ் போனது என்று அப்போதுதான் பார்த்திருக்கிறாள் போலிருக்கிறது, முகம் வெளிறியிருந்தது.

"ஏண்டி எனக்கு ஒண்ணும் சொல்லல?" என்றேன். "விழுந்ததைக்கூடச் சொல்லல."

"சொல்லாதன்னு கேட்டுகினாரு. பேஷண்ட் சொல்லாதன்னா நீ சொல்லுவியா?"

"அவர் எங்கப்பாடி."

"உனக்கு அப்பா. எனக்கு பேஷண்ட்டு." பிறகு கையைப் பிடித்தாள். "ஞாயித்துக்கெழம மட்டும் கிளினிக் பக்கம் எட்டிப் பாக்கமாட்டாரு. கூப்பிட்டாலும் வரமாட்டாரு. பொண்ணு போன் பண்ணும்னுவாரு."

ஆறுதல் சொல்வதிலும் கெட்டிக்காரியாக இருக்கிறாள். அதுவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. கையை மட்டும் விடுவித்துக்கொள்ளவில்லை.

அவள் காரிலேயே கிளம்பினோம். நைனா கேட்காமலே முன் கதவைத் திறந்து, அவள் பக்கத்தில் உட்கார்ந்து, சீட்டைத் தனக்கு வேண்டிய அளவுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டார். அது அவர் இடம் என்று காருக்கே தெரிந்திருந்தது. நான் என் பெட்டியோடு பின்னால் ஏறினேன். கோவளம் திருப்பத்தில் வண்டிகள் நின்றுவிட, நைனா பாதி திரும்பினார்.

"பாஸா?"

"பாஸ் நைனா."

"எனக்கு இன்னா பிளான் போட்ட?"

சொன்னேன். ஒத்தைக் காலில் நிற்பது, தாழ்ப்பாள், படுக்கையிலிருந்து பொறுத்து எழுவது. கடைசியாக, சொந்த வீட்டிலேயே இருப்பது. கண்ணாடியில் பரிமளா என்னைப் பார்த்துவிட்டு ரோட்டைப் பார்த்தாள்.

"அந்தப் பெரியவரு ஒத்துகினாரா?"

"நல்ல திட்டம்னாரு."

"யாரு போட்டது? பரிமளா டாக்டரு சொல்லிக் குடுத்துச்சா?"

"இல்ல. நான்தான் போட்டேன்."

"அப்ப சரி," என்றார் நைனா. "நீயே சொல்லிட்ட. நீ சொன்னபடியே கேக்கறேம்மா. இங்கியே இருக்கறேன்."

நான் டாக்டரான நாளிலிருந்து, என் பேச்சை அவர் மறுக்காமல் கேட்டது இதுதான் முதல் தடவை.